சண்டை காணாதவர்களின் பூங்கா

பூர்க்டோர்ஃப். ஞாயிறு. கடைகள் பூட்டு.
சலவைத் தொழிற்சாலைக்கும் விடுமுறை,
விரலிடுக்கில் மட்டும் ஆஸ்பத்திரி விரிப்புகளின் ஆவி மணம்.
ஆரூரன் என்னைக் கூட்டிவந்தான்,
அல்லது நான் அவனை.
வீட்டுக்குள் பேச வராத ஒன்றை
நாயை நடத்துவதுபோல் வெளியே கொண்டுவந்திருந்தோம்.

எம்மே ஆற்றின் பக்கமாய்ச் சின்னப் பூங்கா.
நான்கு லிண்டன் மரம், ஒரு மணல்தொட்டி,
ஊஞ்சல் பலகையில்
யாரோ பிள்ளை விட்டுப்போன ஒற்றைக் கையுறை, சிவப்பு.
நடுவில் கருங்கல் சிப்பாய்.
துவக்கைத் தோளில் ஏற்றவில்லை.
நிலத்தில் ஊன்றி, அதில் சாய்ந்து நிற்கிறான்,
பஸ் பிந்திவிட்டதுபோல.

கீழே முப்பத்தொரு பெயர்.
எனக்கு ஜெர்மன் வாசிக்க வரும்,
மருந்துப் போத்தலை வாசிக்கிற வேகத்தில்.
ஏஷ்பாஹர், காலாட்படை.
லூடி, எக்காளம் ஊதுகிறவன்.
வுட்ரிச், குதிரை வண்டில்.
பிறகுதான் திகதிகளைப் பார்த்தேன்.
எல்லாம் பதினெட்டாம் ஆண்டு,
எங்கள் கணக்கில் ஐப்பசி, கார்த்திகை.
ஒரே கிழமையில் ஒன்பது பேர்.

"எந்தச் சண்டை?"
என் குரல் தானாகவே தணிந்துவிட்டது.
ஒரே கிழமையில் ஒன்பது பேர் என்றால்
எனக்குத் தெரிந்தது ஒரேயொரு விதமான கிழமை.

"சண்டை இல்லையப்பா. காய்ச்சல்."
பொறிப்பின் கடைசி வரியை விரலால் தடவினான்.
"எல்லையில காவல் நிண்டவங்கள்.
ஒருத்தரும் அடிக்க வரேல்ல.
காய்ச்சல்தான் வந்தது."

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கினேன்.
சுடாத துவக்கு முப்பத்தொன்று.
பள்ளிக்கூட மண்டபத்தில் வைக்கோல் பரப்பி
இருமி இருமிக் கிடந்திருப்பார்கள்.
பக்கத்தில் படுத்தவனிடம்
அம்மாவுக்குக் கடதாசி எழுதச் சொல்லியிருப்பார்கள்.
அவர்களுக்கும் ஒரு கல்.
எழுத்துக்குப் பொன்பூச்சு.
நகரசபைத் தொட்டியில் இந்தக் கிழமைச் செவ்வந்தி.

தவபாலனும் காய்ச்சலில்தான் போனவன்.
இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.
ஆள் பிடிக்க வந்த இரவு
தண்ணீர்த் தாங்கிக்குள் கழுத்தளவில் நான் நின்றேன்.
அவனுக்கு நீச்சல் தெரியாது,
ஆகவே வெளியே நின்றான்.
நான்காம் மாதம், காட்டு முகாமில், மலேரியா.
சுவரொட்டியில் வேறு மாதிரி எழுதினார்கள்.
அந்தப் படத்தில் அவனுக்கு நெஞ்சு அகலம்,
எனக்குத் தெரிந்தவனைவிட.
அவனுக்கும் ஒரு கல் இருந்தது.
இருந்த இடத்தில் இப்போது
ஏதோ முகாமின் கைப்பந்துத் திடல் என்று கேள்வி.

ஆரூரனின் ஜக்கெட் பையில் அந்தக் கடிதம்
மடிப்புக் கலையாமல் இருக்கிறது.
பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்,
ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.
பதினெட்டு வயதுப் பிரஜைக்கு வணக்கம் சொல்லி,
இன்ன நாள், இன்ன மண்டபம்,
பல் வைத்தியச் சீட்டும் கொண்டுவரவும்.
ஒரு வாகனமும் வீட்டு வாசலில் உறுமி நிற்கவில்லை.
தபால்காரி மணி அடித்துத் தந்துவிட்டு
நல்ல நாளாகட்டும் என்றுவிட்டுப் போனாள்.

"ரயில் இலவசமாம்" என்றான்,
கல்லைப் பார்த்தபடி.
போகிறேன் என்றும் சொல்லவில்லை,
மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
துவக்கு எடுக்காத சேவையும் இருக்காம்,
கொஞ்சம் கூட நாளாம்,
முதியோர் இல்லத்தில் சாப்பாடு ஊட்டலாம், காடு துப்புரவாக்கலாம்.
நான் தலையாட்டினேன். எதற்கு என்று தெரியாமல்.
தெரிவு செய்யச் சொல்லி ஒரு படை கேட்கும் என்பதை
என் காது இன்னும் நம்பவில்லை.

திரும்பும்போது அவன் ஊஞ்சலடிக்குப் போனான்.
கையுறையை எடுத்தான், நனைந்திருந்தது, பிழிந்தான்.
தேடி வருகிற பிள்ளையின் கண்ணில் படவேண்டும் என்று
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
எட்டி, சிப்பாயின் துவக்கு வாயில் மாட்டிவிட்டான்.
"டேய்" என்றேன்.
யாராவது பார்த்தால்?
ஒருவரும் இல்லை. நாயோடு போன ஒரு மனிசி
பார்த்தாள், கையை உயர்த்தினாள், போனாள்.

வழி முழுக்கத் தவபாலன் பெயர் என் தொண்டைக்குள்.
பாலத்தில் ஏறும்போது
"செவ்வாயா, புதனா?" என்று கேட்டேன்.
"செவ்வாய்."
"எத்தனை மணிக்கு ரயில்?"
"ஆறே முக்கால்."
அந்த நேரம் எனக்கு வேலை தொடங்கியிருக்கும்.